உங்களுக்குத் தெரியுமா? சீவலப்பேரி பஸ்ஸும் நெல்லை மெட்ரோவும்

"மெட்ரோ வருதாம், புது ரயில் வருதாம்" என்று பேப்பரில் செய்தி வந்த அன்று டீக்கடையில் இரண்டே கேள்விதான் எழும். எம்புட்டுச் செலவு? நமக்கு என்ன பிரயோஜனம்? திட்ட அறிக்கை எழுதுகிறவர்கள் பல நூறு பக்கங்களில் விடை தேடுவதும் இந்த இரண்டுக்கும்தான். சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கும் சீவலப்பேரியில் நின்று அந்த அறிக்கைகளைப் படித்தால், எது எண்ணப்படுகிறது, எது விடுபட்டுப்போகிறது என்பது நன்றாகவே தெரியும்.

தோணிக்குப் பதில் பாலம்

திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணி ஆற்றைக் கடக்க ஒரு காலத்தில் தோணிதான். வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. பாலம் கட்ட சுமார் 50 ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை. கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் அத்தனையையும் தாமே ஏற்றுக்கொண்டார். 760 அடி நீளம், 11 வளைவுகள். 1843 நவம்பர் 27-ல் பாலம் திறக்கப்பட்டது. இன்றும் திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து வண்ணார்பேட்டை போகும் பஸ்கள் அவர் பெயரில் உள்ள பாலத்தைத் தாண்டித்தான் போகின்றன.

அடுத்த வருஷமே பிரான்சில்

சுலோசன முதலியார் பாலம் திறந்து ஒரு வருஷம்கூட முழுதாகக் கழிந்திருக்குமோ என்னவோ, 1844-ல் பிரான்சில் சாலை, பாலம் கட்டும் துறையின் பொறியாளர் ஜூல் துய்ப்பி ஒரு கட்டுரை வெளியிட்டார். பொதுப்பணிகளின் பயனை எப்படி அளப்பது என்பது பொருள். திட்டங்களின் செலவையும் பயனையும் எடைபோடும் இன்றைய முறைக்கு அதுவே மூத்த தாத்தா.

அவர் எடுத்துக்கொண்டதும் பாலம்தான். ஒரு பாலத்தில் சுங்கம் வசூலித்தால் கிடைக்கும் பணத்தை அந்தப் பாலத்தின் பயன் என்று சொல்லிவிட முடியாது என்றார். காலணா கொடுத்துக் கடக்கிறவனுக்கு அதன் மதிப்பு உண்மையில் ஒரு ரூபாயாகக்கூட இருக்கலாம். அந்த மிச்சம் எந்தக் கல்லாவிலும் விழாது. காலணா கொடுக்க முடியாமல் அக்கரையிலேயே நின்றுவிடுகிறவனின் இழப்பும் எந்தப் பேரேட்டிலும் ஏறாது. சுங்கமே இல்லாதபோதுதான் பாலத்தின் பயன் உச்சத்துக்குப் போகிறது என்பது அவர் கண்ட முடிவு.

நெல்லையில் ஒருவர் கையைவிட்டுச் செலவழித்துச் செய்ததை, பிரான்சில் ஒருவர் கணக்குப் போட்டுச் சொன்னார். இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரிந்திருக்க வழியில்லை.

ஜில்லா போர்டு நடத்திய ரயில்

திருநெல்வேலி – திருச்செந்தூர் ரயில் பாதை 1923-ல் திறக்கப்பட்டபோது அது ரயில்வேயின் சொத்து அல்ல. திருநெல்வேலி ஜில்லா போர்டின் சொத்து. தென்னிந்திய ரயில்வே கம்பெனி ரயிலை மட்டும் ஓட்டிக்கொடுத்தது. ஊர்க்காரர்கள் அமைப்பே ரயில் பாதைக்குச் சொந்தக்காரராக இருந்த காலம் ஒன்று இருந்திருக்கிறது!

20 லட்சம், 14 சதவீதம்

மெட்ரோவுக்கு மத்திய அரசின் பணம் வேண்டுமானால் 2017-ம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கை வைத்த வாசல்களைத் தாண்ட வேண்டும். நகரத்துக்கு 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும். திட்டத்தால் சமூகத்துக்குத் திரும்பும் பொருளாதாரப் பயன் ஆண்டுக்கு 14 சதவீதமாவது இருக்க வேண்டும். அதோடு, மெட்ரோவுக்குப் பதிலாக பஸ்ஸோ வேறு வழியோ போதுமா என்று ஒப்பிட்டும் காட்ட வேண்டும்.

கோவைக்கு 39 கிலோமீட்டர், 10,740 கோடி ரூபாய். மதுரைக்கு 32 கிலோமீட்டர், 11,300 கோடி ரூபாய்க்கு மேல். தமிழக அரசு அனுப்பிய இந்த இரண்டு திட்டங்களையும் 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. 2011 கணக்கெடுப்பின்படி இரண்டு நகரங்களுமே 20 லட்சத்தை எட்டவில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானது. ஆக்ராவுக்கும் பாட்னாவுக்கும் போபாலுக்கும் மட்டும் எப்படிக் கொடுத்தீர்கள் என்று சென்னையிலிருந்து கேள்வி போனது. நியாயமான கேள்விதான். பதினான்கு வருஷம் பழைய தலைக்கணக்கை வைத்துக்கொண்டு இன்றைய நகரத்தை அளப்பதும் விசித்திரமாகத்தான் இருக்கிறது.

சரி, நெல்லை? திருச்சி, சேலத்தோடு சேர்த்துத் திருநெல்வேலிக்கும் சென்னை மெட்ரோ நிறுவனம் சாத்தியக்கூறு ஆய்வை நடத்தியது. 2011-ல் மாநகராட்சியின் மக்கள்தொகை சுமார் 4.74 லட்சம். அந்த 20 லட்சம் வாசலில் மதுரையே தடுக்கி நின்றபோது நம் ஊர் எங்கே நிற்கும் என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை.

ஒரு கிலோமீட்டர் விலை

கோவைத் திட்டத்தின் தொகையை நீளத்தால் வகுத்தால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 275 கோடி ரூபாய். சென்னையின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி. அங்கே கிலோமீட்டருக்கு 530 கோடியைத் தாண்டுகிறது. நல்ல தாழ்தளப் பஸ் ஒன்றுக்கு ஒரு கோடி என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். கோவை விலையில் ஒரு கிலோமீட்டர் மெட்ரோவுக்கு 275 பஸ். அதாவது ஜங்ஷனுக்கும் டவுனுக்கும் நடுவே உள்ள தூரத்துக்கு ஆகும் பணத்தில் ஜில்லா முழுக்க பஸ் விடலாம். பஸ்ஸுக்கு டிரைவர், கண்டக்டர் சம்பளமும் டீசலும் வருஷா வருஷம் ஆகுமே என்றால், ஆகும். மெட்ரோவுக்கும் கரண்ட் பில் வரும்.

மணிக்கு எத்தனை பேர்?

சிறு நகரங்களுக்கென்றே மத்திய அரசு இரண்டு மலிவு வகைகளுக்கு விதிமுறை வகுத்திருக்கிறது. 2019-ல் மெட்ரோலைட், ஒரு திசையில் மணிக்கு 15 ஆயிரம் பயணிகள் வரை உள்ள தடத்துக்கு. 2020-ல் மெட்ரோநியோ, ரப்பர் சக்கரத்தில் மின்கம்பி பிடித்து ஓடுவது, 8 ஆயிரம் வரை. 60 பேர் ஏறும் பஸ்ஸில் 8 ஆயிரம் பேரை அனுப்ப மணிக்கு 133 பஸ் வேண்டும். அரை நிமிஷத்துக்கு ஒன்று! ஸ்ரீபுரம், வண்ணார்பேட்டை நெரிசலைப் பார்த்தவர்களுக்கு "அதுவும் வேணும்போல" என்று தோன்றும். நெரிசலில் நிற்பது பெரும்பாலும் பைக்கும் காரும் ஆட்டோவும் என்பதைக் கவனித்துவிட்டுச் சொல்லுங்கள்.

எதிர்பார்த்ததும் வந்ததும்

பெண்ட் ஃப்ளூபியர்க் என்ற டென்மார்க் ஆய்வாளரும் அவருடைய குழுவும் 2002-ல் 258 போக்குவரத்துத் திட்டங்களை எடுத்துப் பார்த்தார்கள். ரயில் திட்டங்களில் செலவு மதிப்பீட்டைவிட சராசரியாக 45 சதவீதம் எகிறியிருந்தது. சாலைகளில் 20 சதவீதம். பின்னர் பயணிகள் கணக்கையும் பார்த்தார்கள். பத்து ரயில் திட்டங்களில் ஒன்பதில் எதிர்பார்ப்பு மிகையாக இருந்தது. சராசரியாக எதிர்பார்த்ததில் பாதிக் கூட்டம்தான் வந்திருந்தது.

நம் சென்னையையே எடுங்களேன். மெட்ரோ முதல் கட்டத்துக்கு, 2016-ல் தினமும் ஏழு லட்சத்துக்கு மேல் பயணிகள் வருவார்கள் என்று எழுதினார்கள். 2024-ம் ஆண்டு முழுவதும் 10.52 கோடிப் பயணங்கள். தினசரி சராசரி மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. கூட்டம் வருஷா வருஷம் கூடுகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் 14 சதவீதம் என்ற கணக்கெல்லாம் இந்த மாதிரி ஏழு லட்சங்களை நம்பித்தான் போடப்படுகிறது.

ஏறாதவருக்கும் லாபம்

மெட்ரோவுக்கு எதிராகவே பேசிக்கொண்டிருந்தால் நியாயமில்லை. லண்டனில் 1968-ல் ஓடத் தொடங்கிய விக்டோரியா பாதாள ரயில் தடத்துக்கு ஃபாஸ்டர், பீஸ்லி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1963-லேயே ஒரு பயன்–செலவு ஆய்வு வெளியிட்டார்கள். டிக்கெட் வசூலை வைத்துப் பார்த்தால் நஷ்டம். ஆனால் பயனில் பெரும்பங்கு, அந்த ரயிலில் ஏறவே ஏறாதவர்களுக்குப் போகும் என்று கண்டார்கள்: மேலே சாலையில் நெரிசல் குறைந்து சீக்கிரம் வீடு போகும் பஸ் பயணிகள், கார்க்காரர்கள். "வசூல் இல்லை, ஆகவே வீண்" என்ற வாதம் அன்றைக்கே செத்துப்போனது. ஆனால் நம் ஊரில் பஸ்ஸுக்கு மட்டும் அது இன்னும் உயிரோடிருக்கிறது.

யாருடைய நேரம் எவ்வளவு விலை?

எந்தப் போக்குவரத்துத் திட்டத்திலும் பயன் பட்டியலில் முதலிடம் மிச்சமாகும் நேரத்துக்குத்தான். நேரத்தை எப்படி ரூபாயாக்குவது? பயணியின் வருமானத்தை வைத்து. இங்கேதான் வருகிறது வினை. மாதம் ஒரு லட்சம் வாங்குகிறவருக்கு மிச்சமாகும் பத்து நிமிஷம் அறிக்கையில் கனமாக நிற்கும். வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்ணுக்கு மிச்சமாகும் ஒரு மணி நேரம் சில ரூபாயாகச் சுருங்கிவிடும். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க விடியற்காலையில் கிளம்பும் ஆச்சிக்கு வருமானமே இல்லை. அவள் நேரத்துக்கு விலையும் இல்லை!

இதனால்தான் சில நாடுகளில் எல்லோருடைய நேரத்துக்கும் ஒரே சராசரி விலை வைக்கிறார்கள். நம் அறிக்கைகளிலும் அப்படித்தான் வைக்க வேண்டும். ஒரே பஸ்ஸில் போகிற இருவரில் ஒருவர் நிமிஷம் தங்கம், மற்றவர் நிமிஷம் தவிடு என்பது பொதுப்பணத்தில் நடக்கும் கணக்குக்கு அழகில்லை.

போகாத பயணம்

சர்வே எடுக்கிறவர்கள் சாலையோரம் நின்று போகிற வண்டிகளை எண்ணுவார்கள். பஸ்ஸில் இருப்பவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்பார்கள். பஸ் இல்லாததால் கிளம்பாமலேயே இருந்துவிட்டவரிடம் யார் கேட்பது?

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு பெரிய பரிசோதனையே நடந்துகொண்டிருக்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பின்னால் விடியல் பயணம் என்று பெயர் வைத்தார்கள். ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. இதற்காக 2025–26 பட்ஜெட்டில் ஒதுக்கிய தொகை 3,600 கோடி ரூபாய்.

கறாரான பொருளாதாரக்காரர் இந்த 888-ஐப் பயனாகவே சேர்க்கமாட்டார். அரசாங்கத்தின் பையிலிருந்து அக்காவின் பைக்குப் பணம் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான் என்பார். அவர் சொல்வது சரியே. அப்படியானால் உண்மையான பயன் எங்கே? 1844-ல் துய்ப்பி காட்டிய இடத்தில்: காசு கொடுக்க வேண்டியிருந்தபோது போகாமல் விட்ட பயணங்களில். உள்ளூர்க் கூலியை விட்டுப் பாளையங்கோட்டையில் கடை வேலைக்குப் போனது, மாத்திரை வாங்க மாதா மாதம் தவறாமல் போனது, மகளைத் தூரத்துக் கல்லூரியில் சேர்த்தது. 3,600 கோடி தகுமா தகாதா என்று விவாதிக்கிறவர்கள் எண்ண வேண்டியது இந்தப் பயணங்களைத்தான். என் கணிப்பில் தகும். பஸ் வந்தால்!

இருபது வருஷம் கழித்து வரும் நூறு ரூபாய்

அறிக்கைகளில் எதிர்காலப் பயனை வட்டி போட்டுக் குறைத்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவார்கள். 12 சதவீதம் போட்டால், இருபது வருஷம் கழித்து வரும் 100 ரூபாய் பயனுக்கு இன்று 10 ரூபாய்தான் மதிப்பு. இங்கிலாந்து அரசு பயன்படுத்தும் 3.5 சதவீதத்தில் அதுவே 50 ரூபாய். திட்டத்தில் ஒரு செங்கல்கூட மாறவில்லை. விகிதத்தை மாற்றியதும் பயன் ஐந்து மடங்கு. சுலோசன முதலியாரிடம் 12 சதவீத வட்டிக் கணக்கைக் காட்டியிருந்தால் 180 வருஷம் கழித்தும் நாம் நடக்கப்போவதை யாரும் ஒரு காசுக்குக்கூட மதித்திருக்கமாட்டார்கள்.

வெள்ளமும் கணக்கில் உண்டு

2023 டிசம்பர் 17, 18-ல் கொட்டித் தீர்த்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு மாட்டிக்கொண்டது. தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய் இரும்பு மட்டும் அந்தரத்தில் நின்றது. ரயில் மறுபடி ஓட ஜனவரி ஆகிவிட்டது. ஆற்றுப் பாசனக் குளங்களும் கால்வாய்களும் பின்னிக்கிடக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் எந்தப் பாதை போட்டாலும், தண்ணீர் போக விடும் சிறுபாலங்களின் செலவு முதல் நாள் மதிப்பீட்டிலேயே இருக்க வேண்டும்.

கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று

மதுரை – அருப்புக்கோட்டை – தூத்துக்குடி புதிய ரயில் பாதை 2011–12 பட்ஜெட்டில் வந்தது. 2025 ஜனவரியில், தமிழக அரசே அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக ரயில்வே அமைச்சர் சொன்னதாகச் செய்தி பரவியது. நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை என்றது மாநில அரசு. பிறகு வந்த விளக்கம்: அமைச்சர் பதில் சொன்னது தனுஷ்கோடிப் பாதையைப் பற்றி, சத்தத்தில் கேள்வி சரியாகக் காதில் விழவில்லையாம். கோடிக்கணக்கான திட்டங்களின் தலையெழுத்து சில சமயம் மைக் செட்டையும் பொறுத்தது.

போட்டு வைத்த தண்டவாளம்

திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து நான்கு திசைக்கும் ரயில் பாதை இருக்கிறது. வடக்கே தாழையூத்து, கங்கைகொண்டான் வழியாக மணியாச்சி, 1876-லிருந்து. மேற்கே டவுன், பேட்டை, சேரன்மகாதேவி வழியாகத் தென்காசி. கல்லிடைக்குறிச்சி வரை 1902-ல் வந்தது. கிழக்கே பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர் வழியாகத் திருச்செந்தூர். தெற்கே மேலப்பாளையம் வழியாக நாகர்கோவில், 1981-ல். புதிதாக ஒரு கிலோமீட்டர்கூடப் போடாமல், காலையிலும் மாலையிலும் அரை மணிக்கொரு சிறு ரயில் விட என்ன ஆகும் என்று யாராவது கணக்குப் போட்டால் மெட்ரோ ஆய்வைவிட ஆவலோடு படிப்பேன். பாளையங்கோட்டைக்கு ரயில்வே ஸ்டேஷன் இருப்பதே ஊரில் பாதிப்பேருக்கு மறந்துவிட்டது.

கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் ரயில்களை எக்ஸ்பிரஸ் கணக்கில் ஓட்டி, குறைந்தபட்சக் கட்டணத்தை 10 ரூபாயிலிருந்து 30 ஆக்கினார்கள். 2024 பிப்ரவரியில்தான் மறுபடி 10 ஆனது. அதுவரை பக்கத்து ஸ்டேஷனுக்கு ரயிலில் போக யாருக்குத் தோன்றும்?

கலெக்‌ஷன் இல்லை, டிரிப் கட்

இந்தப் பகுதியின் அரசு பஸ் 1974-ல் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகமாகத் தொடங்கியது. 1997-ல் எல்லாக் கழகங்களின் தலைவர் பெயர்களையும் எடுத்தார்கள். ஆனாலும் கழகத்தின் பழைய ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கிய கே.டி.சி. நகர் பாளையங்கோட்டையில் அப்படியேதான் இருக்கிறது.

பஸ் தடத்தை எடைபோடும் முறை மிகச் சுருக்கம்: கிலோமீட்டருக்கு எவ்வளவு வசூல். மெட்ரோவுக்கு நேரம், புகை, விபத்து, நெரிசல் என்று பத்து வகைப் பயனைச் சேர்த்துக் கூட்டுகிறவர்கள், திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் இருக்கும் சீவலப்பேரி மாதிரி ஊருக்குப் போகும் மதிய டிரிப்பைக் கலெக்‌ஷன் ஒன்றை மட்டும் பார்த்து வெட்டிவிடலாம். ஒரே அரசாங்கம், இரண்டு தராசு. அந்த மதிய டிரிப் போனால் காலை டிரிப்புக்கும் ஆள் குறையும். திரும்பி வர வண்டி இல்லையென்றால் போக யார் கிளம்புவார்கள்? கடைசியில் பைக் வாங்குகிறார்கள், தவணையில். அந்தத் தவணை எந்தச் செலவுக் கணக்கிலும் வராது.

2025 ஜூனில் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டம் இந்த ஓட்டையை ஓரளவு அடைக்கப் பார்க்கிறது. தடத்தின் நீளம் 25 கிலோமீட்டர் வரை. அதில் 65 சதவீதமாவது பஸ்ஸே போகாத பாதையாக இருக்க வேண்டும். நல்ல விதி. ஓட்டுவது தனியார் என்பதால், ஆள் இல்லாத நேரத்திலும் டிரிப் அடிக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டியது ஊரார் பொறுப்பு.

கையில் இருக்கும் ஆயுதம்

பாளையங்கோட்டை ஒன்றியத்துச் சீவலப்பேரி உட்பட, தமிழ்நாட்டின் எல்லாக் கிராம ஊராட்சிகளிலும் வருஷத்துக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எந்த நேரத்துக்கு பஸ் இல்லை, அதனால் ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் வேலைக்கும் போகாமல் நின்றவர்கள் எத்தனை பேர் என்று எழுதித் தீர்மானமாக நிறைவேற்றி, போக்குவரத்துக் கழகத்துக்கும் கலெக்டருக்கும் அனுப்பலாம். எந்த சர்வேக்காரரும் எடுக்காத கணக்கு அது. ஊர்க்காரர்களால் மட்டுமே எடுக்க முடியும். அடுத்த கூட்டத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போங்கள்.